துன்பியல் தலைவன் இந்தத் தடவை வரமாட்டான்

பரீட்சை எழுதாமலேயே ஃபெயில் ஆகக்கூடிய ஒரே பிழைப்பு டியூஷன் எடுப்பதுதான். எழுதுகிறவர் பாஸ் ஆனால் அது அவர் மூளை, ஃபெயில் ஆனால் அது நம் நோட்ஸ். இதைப் படிப்பவர்களில் கரும்பலகைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிக்கும் நடுவே ஆயுளைக் கழித்தவர்கள் இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள், என் கதையைக் கேட்டால் நீங்களும் ஆட்டுவீர்கள்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் ஒரு செருப்புக்கடையின் மாடியில், ஞாயிறுதோறும் பத்து மணி முதல் ஒரு மணி வரை, தபால் வழியில் பி.ஏ. தமிழ் படிப்பவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிற பெரியவர்கள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு. அவர்கள் எழுத வேண்டிய தாள்களில் ‘நாடகவியல்’ ஒன்று. அதில் ‘துன்பியல் தலைவனின் இயல்புகள்’ என்று ஒரு கேள்வி.

நாடகத்தின் முடிவில் ஒருவன் நாசமாய்ப் போய்விட்டால் மட்டும் அவன் துன்பியல் தலைவன் ஆகிவிட முடியாது. அதற்கு ஐந்து இலக்கணம் இருக்கிறது. அவன் உயர்ந்த நிலையில் இருக்க வேண்டும். நல்லவனாக இருக்க வேண்டும். அவனிடம் ஒரு பிழை இருக்க வேண்டும். அந்தப் பிழையாலேயே அவன் விழ வேண்டும். விழுந்த பிறகு, ‘இது என் பிழை’ என்று அவனே உணர வேண்டும். பதினாறு வருஷமாக இந்த ஐந்தையும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். சொன்னவனுக்கு எவ்வளவு புரிந்தது என்பது வேறு விஷயம்.

உயரம்

முதல் இலக்கணத்தைப் பாடம் எடுத்த அன்று, வாயால் சொன்னால் போதாது, செய்து காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. சாதாரண ஆள் தடுமாறினால் அது விபத்து, உச்சியில் இருப்பவன் தடுமாறினால்தான் வீழ்ச்சி. அதை விளக்குவதற்காக என் பிளாஸ்டிக் நாற்காலியை வகுப்பின் நடுவில் போட்டு ஏறி நின்றேன். “இப்போ நான் அரசன்,” என்றேன். நாற்காலியின் பின்கால்கள் இரண்டும் மெதுவாக அகன்றன. அரசன் உட்கார்ந்த நிலையில் தரைக்கு வந்து சேர்ந்தான்.

துன்பியல் நாடகம் பார்க்கிறவர்களுக்கு இரக்கமும் அச்சமும் வர வேண்டும் என்பது விதி. என் வகுப்புக்குச் சிரிப்பு வந்தது. செருப்புக்கடைக்காரர் மாடிப்படி வரை ஏறி வந்து, எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கௌரவத்தை விடாமல், “சரி, என்ன புரிஞ்சுது?” என்று கேட்டேன். அப்போது அதைக் கேட்டிருக்கக் கூடாது.

முதல் பெஞ்சில் சித்ரா இருந்தார். பீங்கான் கம்பெனியில் கிளேஸ் செக்ஷனில் வேலை. காலையிலிருந்து மாலை வரை நின்றபடியே கோப்பைகளைப் பளபளப்புக் கரைசலில் முக்கி முக்கி எடுப்பதால் விரல் நுனிகள் எப்போதும் வெடித்திருக்கும். மற்ற எல்லாத் தாளும் பாஸ். நாடகவியல் மட்டும் நாலு தடவையாக இழுத்துக்கொண்டிருந்தது. டிகிரியைக் கொண்டுவந்தால் டெஸ்பாட்ச் ஆபீசில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாகக் கம்பெனி முதலாளி சொல்லியிருந்தார். அந்த ஒரு நாற்காலிக்காகத்தான் ஞாயிறு தவறாமல் மாடியேறி வந்தார். என் கேள்விக்கு அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்: “வுழுந்தது நல்லா புரிஞ்சுது சார். உசரம்தான் பத்தல.”

முதல் தரம், இரண்டாம் தரம்

இரண்டாவது இலக்கணம் எப்போதும் என் காலை வாரிவிடும். தலைவன் நல்லவனாக இருக்க வேண்டும், ஆனால் குறையே இல்லாதவனாக இருக்கக் கூடாது. அப்பழுக்கில்லாதவன் விழுந்தால் நமக்குக் கோபம் வரும். அயோக்கியன் விழுந்தால் சந்தோஷம் வரும். நடுவில் இருக்கிறவன் விழுந்தால்தான் நெஞ்சு கனக்கும். இதை நான் அரை மணி நேரம் சுற்றி வளைத்துச் சொன்னேன். கடைசியில் எனக்கே யார் நல்லவன் என்று சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது ரஹமத்துல்லா பாய் கையைத் தூக்கினார். வளைகுடாவில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் பீங்கான் சாமான் கடை வைத்திருப்பவர். இந்த வயதில் எதற்குப் படிக்கிறீர்கள் என்று முதல் நாள் கேட்டேன். “அங்க இருந்தப்ப வூட்டுக்கு லெட்டர் எழுதி எழுதிப் பழகிடுச்சு. இப்ப எல்லாரும் பக்கத்துலயே இருக்காங்க. எழுத வேற ஆள் இல்ல, பரீட்சை எழுதறேன்,” என்றார். அவர் இப்போது சொன்னார்: “உங்க தலைவன் செகண்ட்ஸ் சரக்கு சார். ஷோகேஸ்ல வெச்சுப் பாத்தா முதல் தரம். கையில எடுத்துத் திருப்பினாத்தான் அடியில ஒரு புள்ளி தெரியும். அதுக்காகத் தூக்கிப் போடவும் மனசு வராது.”

வகுப்பே ‘ஆங்’ என்றது. நான் அரை மணி நேரம் பேசி ஒருவர்கூட ‘ஆங்’ என்று சொன்னதில்லை. அடுத்த ஞாயிறு கொடுத்த நோட்ஸில் அதை அப்படியே சேர்த்து, நானே யோசித்தது மாதிரி ‘என் கருத்து’ என்று தலைப்பும் போட்டிருந்தேன். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு மிக மரியாதையாகச் சொன்னார்: “என் பேரெல்லாம் போட வேணாம் சார். கீழ கடை விலாசம் மட்டும் போட்டுடுங்க.”

இரண்டு கோப்பை

மூன்றாவது இலக்கணம் பிழை. அதற்கு என்னிடம் ஒரு அருமையான உவமை இருந்தது. பீங்கான் ஊரில் பாடம் எடுக்கிறோமே, உள்ளூர்ச் சரக்கை வைத்தே அடிப்போம் என்று குளிக்கும்போது யோசித்தது. “தலைவனிடம் உள்ள பிழை, பச்சை மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் விரிசல். வெளியே தெரியாது. சூளையில் வைத்தால்தான் வெடிக்கும்,” என்று சொல்லிவிட்டுக் கைதட்டலுக்கு இடம் விட்டேன்.

கைதட்டல் வரவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து கலியமூர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சித்ரா வேலை பார்க்கும் அதே கம்பெனியில் சூளை பக்கம் இருப்பவர். மகள் காலேஜில் தமிழ் படிக்கிறாள், அவள் பேசுவது தனக்கும் புரிய வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தவர். அடுத்த வாரம் பேப்பரில் சுற்றி இரண்டு உடைந்த கோப்பைகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

“இத தடவிப் பாருங்க சார்,” என்றார். முதல் கோப்பையின் விரிசலுக்குள் பளபளப்பு உருகி ஓடி, ஓரம் வழவழப்பாக இருந்தது. “இது சூடு ஏறும்போது வெடிச்சது. மண்ணோட தப்பு. இப்ப அத தடவுங்க.” தடவினேன். விரலில் ரத்தம் வந்தது. ஓரம் பிளேடு மாதிரி இருந்தது. “இது ஆறும்போது வெடிச்சது. மண்ணுல ஒரு கொறையும் இல்ல. வேகறதெல்லாம் ஒழுங்கா வெந்துடுச்சு. ஆறறதுக்கு முன்னாடி சூளைக் கதவைத் தொறந்தவன் தப்பு.”

அவரே தொடர்ந்தார். “தொறந்தது நான்தான். இருவது வருஷம் சூளை பாத்தவன். கதவுல உள்ளங்கைய வெச்சே சொல்லிடுவேன், உள்ள எவ்ளோ சூடு இருக்குதுன்னு. மீட்டரப் பாத்ததே இல்ல. பாக்கச் சொன்னா சிரிப்பேன். அன்னிக்கும் கைய வெச்சேன், ஆறிடுச்சுன்னு தோணுச்சு. தொறந்தேன். காத்து உள்ள போச்சு. கொஞ்ச நேரத்துல உள்ளேருந்து டிங்கு டிங்குன்னு சத்தம். ஒவ்வொண்ணா வெடிக்குது. நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். மூடியும் பிரயோஜனம் இல்ல.”

கீழே செருப்புக்கடையில் ஷட்டர் ஆடுவதுகூடக் கேட்டது. பதினாறு வருஷத்தில் என் வகுப்பில் இரக்கமும் அச்சமும் ஒன்றாக வந்தது அந்த ஒரு தடவைதான். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் அது வராதே. “ஆகா, பாத்தீங்களா? இதுதான் பிழை. தன் திறமை மேல அளவுக்கு மீறின நம்பிக்கை. எழுதிக்கங்க, ஐந்து மார்க்,” என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். எழுதுகிற சத்தத்துக்கு நடுவே பின்னாலிருந்து கலியமூர்த்தியின் குரல் கேட்டது: “நான் இன்னும் முடிக்கல சார்.”

ஸ்டேப்ளர்

‘நேரமாகிவிட்டது, மீதியை அடுத்த வாரம் கேட்கிறேன்’ என்று அவரிடம் சொன்னேன். அடுத்த வாரம் கேட்கவில்லை. அதற்குக் காரணம் பரீட்சை நெருங்கிவிட்டது. பரீட்சை நெருங்கினால் நான் வேறு ஆளாகிவிடுவேன்.

என் பெயர் இந்த வட்டாரத்தில் கொஞ்சம் பரவியிருந்ததற்குக் காரணம் பாடம் அல்ல. எந்தக் கேள்வி வரும், எது வராது என்று சொல்வேன். பல வருஷமாகச் சொல்லி, சொன்னது பெரும்பாலும் நடந்துவிட்டது. அதனால் என்ன ஆனது என்றால், பழைய கேள்வித்தாள்களை எடுத்துப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பேன், சொல்லிவிடுவேன். அப்படி நிற்கும்போது நான் பார்க்க எப்படி இருப்பேன் என்று இப்போது நினைத்தால் கூசுகிறது.

அந்த வருஷம் சித்ராவுக்குக் கடைசி வாய்ப்பு. பாடத்திட்டம் மாறுகிறது. இந்தத் தடவை விட்டால் மூன்று வருஷப் படிப்பையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முதலாளியும் அதுவரை நாற்காலியைக் காலியாக வைத்திருக்கப் போவதில்லை. கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டுப் படிப்பதே அவருக்குப் பெரும்பாடு. நான் கண்ணை மூடி நின்றேன். “துன்பியல் தலைவன் ரெண்டு தடவை தொடர்ச்சியா வந்துட்டான். இந்தத் தடவை வரமாட்டான். வுட்டுடுங்க,” என்றேன். “வந்துட்டா சார்?” என்று கேட்டார். வராது என்றேன். இன்னொரு தடவை கேட்டார். அவர் நோட்டை வாங்கி, துன்பியல் தலைவன் இருந்த ஆறு பக்கத்தையும் சேர்த்து நாலு மூலையிலும் ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன். நேரத்தை வீணாக்க வேண்டாமே என்ற நல்ல எண்ணம்தான்.

வீட்டில் சாப்பிடும்போது இதை என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். “ஏங்க, வராதுன்னு நெனச்சா வராதுன்னு சொல்லிட்டு வர வேண்டியதுதான? அந்தப் பொண்ணு திருப்பிக்கூடப் பாக்க முடியாதபடி எதுக்குங்க பின் அடிச்சிங்க?”

திட்டக்குடி பஸ்

பரீட்சை அன்று கல்லூரி வாசலில் டீக்கடையில் நின்றிருந்தேன். நம் ஆட்கள் வெளியே வந்ததும் ‘சார் சொன்னது அப்படியே வந்துச்சு’ என்று சொல்வார்கள். அதைக் கேட்பதற்காக வருஷாவருஷம் போய் நிற்பது வழக்கம். டீக்கடைக்காரரிடம்கூட, “பாருங்க, வந்து சொல்லுவாங்க,” என்று சொல்லி வைத்திருந்தேன்.

முதலில் வெளியே வந்தவர் ரஹமத்துல்லா பாய். கேள்வித்தாளை நீட்டினார். கட்டாய வினா. வேறு வினாவைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. ‘துன்பியல் தலைவனின் இயல்புகளைத் தக்க சான்றுடன் விளக்குக.’ டீ சட்டையில் சிந்தியது. சித்ராவின் வெடித்த விரல்கள் அந்த ஸ்டேப்ளர் பின்களைத் தடவிப் பார்ப்பது மாதிரி கண்ணில் வந்தது. உள்ளே மணி அடித்தது. இன்னும் ஐந்து நிமிஷத்தில் அவர் வெளியே வருவார். நான் நின்றிருக்க வேண்டும். நின்று, ‘தப்பு என்னுதும்மா’ என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. நான் அதைப் பார்த்ததைப் பாய் பார்த்துவிட்டார்.

எனக்குத் திட்டக்குடியில் ஒரு வேலையும் கிடையாது. இருந்தும் திட்டக்குடி வரை போய், பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். ஏறும்போது பாய் எனக்காகப் படிக்கட்டில் இருந்த கூட்டத்தை விலக்கிவிட்டார். ஜன்னல் வழியாகக் குனிந்து, கேலி துளியும் இல்லாத குரலில் சொன்னார்: “நான் பாத்துக்கறேன், நீங்க போங்க சார். அந்தப் பொண்ணு கேட்டா ஏதோ அவசரம்னு சொல்லிடறேன்.”

ஐந்தாவது

ரிசல்ட் வர இரண்டு மாதம் ஆனது. பரீட்சை முடிந்ததால் வகுப்பு இல்லை, அது எனக்கு வசதியாகப் போயிற்று. பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பக்கம் போகவே இல்லை. பாய் கடை இருக்கும் தெருவையும் சுற்றிக்கொண்டு போனேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, ஒருத்தரின் வாழ்க்கையில் கையை வைத்துவிட்டோமே என்று பயமாக இருந்தது. ரிசல்ட் வந்த அன்று என்னைவிட அதிக நம்பிக்கையோடு சித்ராவின் பதிவு எண்ணைப் போனில் தட்டியது என் மனைவிதான். பாஸ். நாடகவியல் தாளில் தேவைக்கு மேலேயே ஏழு மார்க்.

மறு ஞாயிறு, புது வகுப்புக்கு நோட்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தபோது சித்ரா மாடியேறி வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ். கலியமூர்த்தியும் பாயும் அவர் பின்னால் வந்தார்கள். எனக்கு உடனே பழைய தெம்பு வந்துவிட்டது. “எப்படி எழுதினீங்க? நம்ம நோட்ஸ் ஞாபகம் இருந்துச்சா?” என்றேன்.

“நோட்ஸு எங்க சார், பின் அடிச்சு வெச்சிருந்தீங்களே,” என்றார் சித்ரா. “ஆனா அஞ்சும் ஞாபகம் இருந்துச்சு. நீங்க வுழுந்த நாற்காலி, பாய் கடை செகண்ட்ஸ், அண்ணன் கொண்டாந்த கோப்பை. அப்புறம், சான்று கேட்டிருந்தாங்க இல்ல? ‘ஒரு சூளைக்காரன்’னு அண்ணன் கதையையே நாலு பக்கம் எழுதிட்டேன்.”

கலியமூர்த்தி ஜன்னல் பக்கம் பார்த்தபடி நின்றார். அவர் கதையில் நான் கேட்காமல் விட்ட மீதியை அப்போது சித்ராதான் சொன்னார். கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த மீதி அது. சூளையில் பாதிச் சரக்கு வெடித்ததும் முதலாளி வந்து பார்த்துவிட்டு, மண் சப்ளை செய்தவனைத்தான் திட்டினாராம். கலியமூர்த்தி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பிரச்சினை அவர் பக்கமே வந்திருக்காது. அவர் ஒரு கோப்பையை எடுத்து அதன் ஓரத்தை முதலாளியைத் தடவிப் பார்க்கச் சொல்லி, “மண்ணு மேல தப்பில்லைங்க, நான்தான் அவசரப்பட்டுத் தொறந்தேன்,” என்று சொல்லியிருக்கிறார். தலைமைச் சூளைக்காரர் வேலை போய், இப்போது அதே சூளைக்குச் சரக்கு அடுக்கிக் கொடுக்கிறார்.

அதைக் கேட்ட பிறகும் என்னைப் பற்றிக் கேட்காமல் இருக்க முடியவில்லை. சபலம்தான். “நான் பின் அடிச்சு வுட்டது, கேள்வி வந்தது, இதெல்லாம்கூட ஒரு சான்றுதானே? என்னைப் பத்தி எழுதணும்னு தோணலையா?”

“மொதல்ல உங்களத்தான் சார் நெனச்சேன்,” என்றார் சித்ரா. “மாடியில இருக்கீங்க, நல்லவரு, பிழை இருக்குது, கேள்வித்தாளு கைக்கு வந்த நிமிஷமே வீழ்ச்சியும் ஆயிடுச்சு. நாலு இலக்கணம் வரைக்கும் சரியாத்தான் வந்துச்சு. அஞ்சாவதுக்கு என்ன எழுதறதுன்னு தெரியல. வெளிய வந்து பாத்தா நீங்க திட்டக்குடி பஸ் ஏறிட்டீங்கன்னாரு பாய். நல்லவேளை, எழுதலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

பாய் தரையைப் பார்த்தார். அவசரம் என்று சொல்வதாகச் சொன்னவர், பொய் சொல்ல வராமல் உண்மையையே சொல்லியிருக்கிறார். நான் நாற்காலியிலிருந்து எழுந்தேன். பதினாறு வருஷமாக மற்றவர்களுக்கு மனப்பாடம் செய்வித்த அந்த ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வர எவ்வளவு நேரம் பிடித்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். “தப்பு என்னுதும்மா. பழைய தாளக்கூடப் பாக்காம சொன்னேன். அன்னிக்கு ஓடியும் போயிட்டேன். மன்னிச்சுக்கங்க,” என்றேன். பிறகு கலியமூர்த்தியைப் பார்த்து, “உங்களையும் முடிக்க வுடல,” என்றேன். அவர் பரவாயில்லை என்பது போலத் தலையசைத்தார்.

சித்ரா ஸ்வீட் பாக்ஸைத் திறந்து முதல் துண்டை என்னிடம் நீட்டினார். அவருடைய விரல் நுனிகளில் வெடிப்பு ஆறத் தொடங்கியிருந்தது. முந்தின திங்கட்கிழமையிலிருந்து டெஸ்பாட்ச் ஆபீஸ். “இத அன்னிக்குக் காலைல, நான் உள்ள போறதுக்கு முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா உங்களையே எழுதியிருப்பேன் சார்.”

துன்பியல் தலைவனுக்குத் தேவையான ஐந்தில் நாலை முதல் முயற்சியிலேயே பாஸ் செய்துவிட்டு, ஐந்தாவதை மட்டும் அரியர் வைத்துப் பிறகு எழுதி முடித்தவன் இந்த விருத்தாசலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.